கல்கத்தாவைச் சுமையோடு கடந்த கதை

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்ற பழமொழியை நம் வணிகர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சரக்கின் விலையை யார் வேண்டுமானாலும் விசாரித்துவிடலாம். அது நம் கடை வாசலில் வந்து இறங்கும்போது அடக்கம் என்ன ஆகிறது என்று தெரிந்தவனே வியாபாரி. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, லாரி வாடகை, தரகு என்று ஒவ்வொன்றையும் பைசா சுத்தமாக எழுதிப் பார்க்கிறோம். ஆனால் நாமே பெட்டி படுக்கையோடு குடும்பத்தை அழைத்துக்கொண்டு வெளியூர் புறப்படும்போது மட்டும் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறோம். அப்படி மறந்ததால் நான் பட்ட நஷ்டத்தையும், 37 ஆண்டுகள் கழித்து அதே வழியில் போய்க் கற்றுக்கொண்டதையும் நம் இதழ் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எனது தொழில் சாக்கு மொத்த வியாபாரம். சணல் சாக்கு என்றாலே கல்கத்தாதான். ஹூக்ளி ஆற்றின் இரு கரையிலும் சணல் ஆலைகள் இருக்கின்றன. அங்கே ரிஷ்ராவில் முதல் ஆலை 1855-ல் தொடங்கியது. என் தகப்பனார் காலத்திலிருந்தே எங்களுக்கு அந்த ஊரோடு கொடுக்கல் வாங்கல் உண்டு. 2001-ல் கொல்கத்தா என்று பெயர் மாற்றினார்கள். ஆனாலும் எங்கள் கடைப் பேரேட்டில் அது இன்றும் கல்கத்தாதான். 22 வயதிலிருந்து அங்கே போய் வருகிறேன். ஹவுரா ஸ்டேஷனில் இறங்கி, பாலத்தைக் கடந்து, படா பஜாரில் தரகரைப் பார்த்து, லேக் மார்க்கெட் பக்கம் நம் ஊர்ச் சாப்பாடு சாப்பிட்டுத் திரும்புவேன். எனக்கு அந்த ஊர் அத்துப்படி என்ற எண்ணம் இருந்தது. அந்த எண்ணம்தான் என்னைக் கெடுத்தது.

அம்மாவின் ஆசை

கல்கத்தாவில் எங்களுக்குச் சரக்கு அனுப்பும் ஆலைக்காரர்கள் ஒவ்வொரு வருடமும் காலண்டர் அனுப்புவார்கள். ஒரு வருடம் வந்த காலண்டரில் கஞ்சன்ஜங்கா பனிமலை, விடியற்கால வெயில் பட்டுச் செம்பாகச் சிவந்திருக்கும் படம். வருடம் முடிந்தும் என் தாயார் அந்தத் தாளைக் கிழிக்க விடவில்லை. "ஏய்யா, நீதான் மாசத்துக்கு ஒருக்கா கல்கத்தா போறியே, இந்த மலை அங்கிட்டுதானே இருக்கு?" என்று கேட்டார்கள். அம்மா வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். 1988-ல் பூஜை விடுமுறைச் சமயத்தில் அம்மா, என் மனைவி, ஐந்து வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு பிள்ளைகள், நான் என்று ஐந்து பேரும் டார்ஜிலிங் புறப்பட்டோம்.

நமது பக்கத்திலிருந்து கல்கத்தா போகும் வண்டி ஹவுராவில் நிற்கும். டார்ஜிலிங் மெயில் சியால்டாவில் புறப்படும். ஹவுரா ஆற்றுக்கு மேற்குக் கரை, சியால்டா நகரத்துக்குக் கிழக்கே. நடுவில் நாலு கிலோமீட்டருக்கு மேல் இராது. பாலம் தாண்டினால் மகாத்மா காந்தி ரோடு ஒரே நேராக சியால்டாவில் கொண்டுபோய் விடும். "நாலு கிலோமீட்டர்தானே, நாலு மணி நேரம் இருக்கிறது" என்று நான் வீட்டிலேயே கணக்கை முடித்துவிட்டேன்.

அந்த நாலு கிலோமீட்டரை நான் அதுவரை எத்தனையோ தடவை கடந்திருந்தேன். ஆனால் ஒவ்வொரு முறையும் என் கையில் இருந்தது ஒரு கைப்பை மட்டுமே. சாக்குப் பேல்கள் லாரியில் வரும், நான் வெறுங்கையோடு வருவேன். சரக்கு இல்லாமல் வழியைப் பார்த்தவன் வழியைப் பாதிதான் பார்த்திருக்கிறான் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

ஒன்பது உருப்படி

எங்களிடம் இருந்தவை: டிரங்குப் பெட்டி ஒன்று, சூட்கேஸ் இரண்டு, ஹோல்டால் இரண்டு, குளிருக்கென்று இரவல் வாங்கிய கம்பளிகள் ஒரு மூட்டை, புளிசாதமும் முறுக்கும் வைத்த பிரம்புக் கூடை ஒன்று, ஸ்டவ்வும் பாத்திரமும் உள்ள சாக்குப்பை ஒன்று, தண்ணீர்க் கூஜா ஒன்று. மொத்தம் ஒன்பது உருப்படி.

இவை ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்குப் போக எத்தனை தடவை தூக்கி இறக்க வேண்டும் என்று பாருங்கள். கோச்சிலிருந்து பிளாட்பாரத்துக்கு ஒன்று. பிளாட்பாரத்திலிருந்து போர்ட்டர் தலைக்கு இரண்டு. தலையிலிருந்து டாக்சி வரிசையில் தரைக்கு மூன்று. தரையிலிருந்து டாக்சிக்கு நான்கு. டாக்சியிலிருந்து மறுபடி தரைக்கு ஐந்து. போர்ட்டர் தலைக்கு ஆறு. பிளாட்பாரத்துக்கு ஏழு. வண்டிக்குள் எட்டு. ஒன்பது உருப்படி, எட்டுத் தடவை. ஆக 72 முறை தூக்கி இறக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நேரம், கூலி, எண்ணிக்கை சரிபார்ப்பு உண்டு. கடையில் ஒரு லோடு இறங்கினால் சிட்டை வைத்து எண்ணுகிற நான், அன்றைக்கு இந்தக் கணக்கைப் போடவே இல்லை.

எங்கள் வண்டி இரண்டு மணி நேரம் தாமதம். டாக்சி வரிசையில் முக்கால் மணி நேரம் போயிற்று. ஐந்து பேரையும் ஒன்பது உருப்படியையும் ஒரே அம்பாசிடரில் ஏற்ற முடியாது என்று டிரைவர் சொல்லிவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான். அவசரத்தில் இரண்டு டாக்சி பிடித்தேன். அம்மா, மனைவி, பிள்ளைகள், கூடை ஒரு வண்டியில். நானும் மற்ற மூட்டை முடிச்சுகளும் இன்னொரு வண்டியில். டிக்கெட் ஐந்தும் என் சட்டைப் பையில் இருந்தன. இதைவிடப் பெரிய தப்பை நான் வியாபாரத்தில்கூடச் செய்ததில்லை.

அந்த நாளில் நகரத்துக்குள் ஆற்றைக் கடக்க ஹவுரா பாலம் ஒன்றே வழி. 1943-ல் திறந்த பாலம், நீளம் 705 மீட்டர். இரண்டாவது பாலமான வித்யாசாகர் சேது 1992-ல்தான் திறக்கப்பட்டது. பூஜைச் சமயம் வேறு. பஸ், டிராம், கைவண்டி, தலைச்சுமைக்காரர்கள் எல்லாமும் அந்த ஒரே பாலத்தின் மேல். தாண்டினால் படா பஜார். நம்மைப் போன்ற மொத்த வியாபாரிகள் சரக்கு ஏற்றி இறக்கும் தெருக்கள் அவை. வழியை மறித்து நின்ற மூட்டைகளைப் பார்த்து, வாழ்க்கையில் முதல் தடவையாக வியாபாரிகள் மீதே எனக்குக் கோபம் வந்தது.

சியால்டாவுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது வண்டிக்கு அரை மணி நேரம் இருந்தது. ஆனால் குடும்பத்தைக் காணோம். சியால்டா ஒரே ஸ்டேஷன் என்று பேர்தான். மெயின், நார்த், சவுத் என்று தனித்தனிப் பகுதிகள் உண்டு. அவர்களை இறக்கிவிட்டது தெற்குப் பகுதி வாசலில். நான் நின்றது வேறு வாசலில். என் மனைவிக்குத் தமிழ் தவிர வேறு பாஷை தெரியாது. நானோ எட்டு உருப்படியைத் தெருவில் விட்டுவிட்டுத் தேடப் போகவும் முடியாது. சுமை என்பது கால்விலங்கு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

கடைசியில் ஒரு வயதான போர்ட்டர்தான் நிலைமையைப் புரிந்துகொண்டார். என் சாமான்களைத் தன் கூட்டாளியிடம் ஒப்படைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் நான் சொன்ன அடையாளத்தை வைத்துக்கொண்டு ஓடினார். திரும்பி வரும்போது தன் தள்ளுவண்டியில் அம்மாவை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் மனைவியும் பிள்ளைகளும். அம்மாவுக்குக் கால் இரண்டும் வீங்கி நடக்க முடியாமல் போயிருந்தது. அதற்குள் டார்ஜிலிங் மெயில் போய்விட்டது. அந்தப் போர்ட்டர், பேசிய கூலிக்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை.

பூஜைக் கூட்டத்தில் அடுத்த நாலைந்து நாளைக்கு எந்த வண்டியிலும் இடம் இல்லை. இரண்டு நாள் லாட்ஜில் தங்கி அம்மாவின் கால் வீக்கத்துக்கு டாக்டரைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பினோம். "மலைதானே, எங்க போயிரப் போகுது? காலண்டர்ல இருக்கில்ல" என்று அம்மா சொன்னார்கள். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் இருந்தேன். நம் தொழிலில் அடுத்த வருடம் என்பது எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். 1996-ல் அம்மா காலமானார்கள். டிக்கெட் பணத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது. மற்றது கிடைக்கவில்லை.

இரண்டாவது பயணம்

2025 நவம்பரில் நானும் என் மனைவியும் அதே வழியில் புறப்பட்டோம். ஹவுராவிலிருந்தே நியூ ஜல்பைகுரிக்கு வண்டிகள் உண்டு. 2022 டிசம்பர் 30-ஆம் தேதி முதல் வந்தே பாரத் வண்டியும் விட்டிருக்கிறார்கள். ஸ்டேஷன் மாற வேண்டாதவர்கள் அதில் போவதே புத்திசாலித்தனம். ஆனால் அன்று தவறவிட்ட வண்டியிலேயே ஏற வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

இந்தத் தடவை புறப்படும் முன்பே கணக்குப் போட்டேன். கிலோமீட்டரை விட்டுவிட்டு, எத்தனை தடவை தூக்க வேண்டியிருக்கும் என்று எண்ணினேன். கடை எடை மெஷினில் இரண்டு பெட்டியையும் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் 19 கிலோ. "ஏங்க, பெட்டியைக் கடையில கொண்டுபோய் நிறுக்கிறது ஊர்ல நீங்க ஒருத்தர்தான்" என்று மனைவி சிரித்தாள். பாதித் துணியையும் பலகாரத்தில் முக்கால்வாசியையும் எடுத்துவிட்டு 13 கிலோவுக்குக் கொண்டுவந்தோம். சக்கரம் வைத்த பெட்டி இரண்டு, தோள்பை இரண்டு. அவ்வளவுதான்.

வந்த அன்றே வண்டி மாறவில்லை. ஹவுராவில் ஸ்டேஷனை ஒட்டிய லாட்ஜில் ஒரு இரவு தங்கினோம். மறுநாள் கூட்டமில்லாத பிற்பகல் நேரத்தில் மெட்ரோ ரயிலுக்குப் போனோம். இந்தியாவின் முதல் மெட்ரோ 1984 அக்டோபர் 24-ல் இதே ஊரில்தான் ஓடியது. ஆனால் நான் குடும்பத்தோடு தவித்த காலத்தில் அது ஹவுராவுக்கும் வரவில்லை, சியால்டாவுக்கும் வரவில்லை. 2024 மார்ச்சில் ஆற்றுக்கு அடியில் சுரங்கம் வழியாக ஹவுராவையும் எஸ்பிளனேடையும் இணைத்தார்கள். 2025 ஆகஸ்ட் 22-ல் எஸ்பிளனேடுக்கும் சியால்டாவுக்கும் இடையில் இருந்த துண்டும் திறக்கப்பட்டது.

ஹவுரா மெட்ரோ நிலையம் தரைக்குக் கீழே 30 மீட்டருக்கும் மேல் ஆழத்தில் இருக்கிறது. லிப்டும் நகரும் படிக்கட்டும் உண்டு. வாசலில் பெட்டியை ஸ்கேனரில் வைக்க வேண்டும். பிளாட்பாரமும் வண்டித் தரையும் ஒரே மட்டம், ஆகவே பெட்டியை உருட்டிக்கொண்டே ஏறிவிடலாம். ஆற்றுக்கு அடியில் உள்ள சுமார் 520 மீட்டர் தூரத்தை முக்கால் நிமிடத்தில் தாண்டிவிட்டது. மகாகரண், எஸ்பிளனேடு, அடுத்தது சியால்டா. ஏறி உட்கார்ந்து கால் மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டோம். என் மனைவி, "இவ்வளவுதானா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

சியால்டாவில் பெட்டிகளை கிளோக் ரூமில் போட்டுவிட்டு வெறுங்கையோடு வெளியே போய்க் காலாற நடந்து, சாப்பிட்டு, இரவு வண்டிக்குத் திரும்பினோம். லாட்ஜிலிருந்து வண்டி ஏறும் வரை ஒவ்வொரு பெட்டியையும் நான்கு தடவைதான் தரையிலிருந்து தூக்கினேன்: நடைபாதைப் பள்ளத்தில் ஒன்று, ஸ்கேனரில் ஒன்று, கிளோக் ரூமில் ஒன்று, வண்டியில் ஒன்று. இரண்டு பெட்டிக்கு எட்டு. அன்று 72, இன்று எட்டு.

போர்ட்டர் சொன்னது

மறுநாள் காலை நியூ ஜல்பைகுரியில் இறங்கியபோது ஒரு போர்ட்டர் அருகில் வந்தார். என் வயது இருக்கும். சக்கரப் பெட்டி இருக்கிறதே என்று கையை அசைத்துவிட்டு நடந்தேன். மேம்பாலப் படிக்கட்டில் நாலு படி ஏறியதும் மனைவி முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். திரும்பி அவரையே கூப்பிட்டேன். கூலி பேசிக்கொண்டோம். பெட்டி இரண்டையும் தலையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் போனார். ஜீப் நிற்குமிடத்தில் பணம் கொடுக்கும்போது, "பெட்டிக்குச் சக்கரம் வந்த பிறகு எங்களைக் கூப்பிடுகிறவர் குறைந்துவிட்டார்கள் சேட்ஜி. படிக்கட்டு வந்தால்தான் எங்கள் ஞாபகம் வருகிறது" என்றார்.

இதைக் கேட்டதும் எனக்கு நம் கடைகளின் ஞாபகம்தான் வந்தது. வீட்டு வாசலுக்கே பொருள் வந்து இறங்குகிற இந்தக் காலத்தில், அவசரத்துக்கு ஒரு கிலோ சர்க்கரையோ, மாசக் கடைசியில் கடனோ தேவைப்படும்போதுதான் பலருக்கு நம் கடை ஞாபகம் வருகிறது. நாம் இதைச் சொல்லி வருத்தப்படுகிறோம். நாமே ஸ்டேஷனில் அதைத்தான் செய்கிறோம். சக்கரப் பெட்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேவைப்படும் இடத்தில் தேவைப்பட்டவரைக் கூப்பிட்டு, பேசிய கூலியை முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

வாசகர்களுக்குச் சில குறிப்புகள்

1. டிக்கெட்டில் ஊர்ப் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். வந்து சேரும் ஸ்டேஷனும் புறப்படும் ஸ்டேஷனும் ஒன்றா என்று பாருங்கள். கல்கத்தாவில் ஹவுரா, சியால்டா, ஷாலிமார், சந்திராகாச்சி, கொல்கத்தா என்று பல உண்டு. கோரமண்டல் எக்ஸ்பிரஸ்கூட 2022 முதல் ஹவுராவுக்குப் பதில் ஷாலிமார்தான் போகிறது. பம்பாயில் சி.எஸ்.எம்.டி., தாதர், குர்லா, மும்பை சென்ட்ரல், பாந்த்ரா. டெல்லியில் புது டெல்லி, பழைய டெல்லி, நிஜாமுதீன், ஆனந்த் விகார். நம் சென்னையில் சென்ட்ரலும் எழும்பூரும் வேறு என்று தெரியாமல் தவிக்கும் வடநாட்டாரும் உண்டு. அந்த இரண்டையும் 2018 மே மாதம் முதல் மெட்ரோ இணைக்கிறது.

2. வண்டி மாற வேண்டிய ஊரில் முடிந்தால் ஒரு இரவு இடைவெளி விடுங்கள். லாட்ஜ் வாடகை, தவறவிட்ட டிக்கெட்டைவிட மலிவு.

3. ஒருவர் தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு ஒரு மாடி ஏற முடிய வேண்டும். முடியாவிட்டால் அது அதிகம். நம் கடையில் எடை மெஷினுக்கா பஞ்சம்? ரயிலில் இலவசமாகக் கொண்டுபோக, ஏ.சி. முதல் வகுப்பில் 70 கிலோ, ஏ.சி. இரண்டடுக்கில் 50, ஏ.சி. மூன்றடுக்கிலும் ஸ்லீப்பரிலும் 40, இரண்டாம் வகுப்பில் 35 கிலோ வரை அனுமதி உண்டு. அனுமதி இருக்கிறது என்பதற்காக அவ்வளவையும் கொண்டுபோக வேண்டும் என்று அர்த்தமில்லை.

4. நடுவில் நாலு மணி நேரம் இருந்தால் கிளோக் ரூமைப் பயன்படுத்துங்கள். டிக்கெட் கையில் இருக்க வேண்டும். பூட்டில்லாத பெட்டியை வாங்க மாட்டார்கள்.

5. குடும்பம் இரண்டு வண்டியில் பிரிய நேர்ந்தால், டிக்கெட் இரண்டு பக்கமும் இருக்கட்டும். எந்த வாசலில் சந்திப்பது என்று ஏறும் முன்பே பேசுங்கள். செல்போன் இருக்கிறதே என்று இருக்க வேண்டாம். சார்ஜ் தீர்வதும் அந்த நேரத்தில்தான்.

6. மெட்ரோ நல்ல வழிதான். ஆனால் காலையிலும் மாலையிலும் ஆபீஸ் நேரத்தில் பெட்டியோடு ஏறாதீர்கள். இரவில் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூட்டை, டிரங்குப் பெட்டிக்கு அது இடமல்ல, அதற்கு டாக்சிதான்.

7. போர்ட்டரிடம் கூலியைச் சாமான் தூக்கும் முன்பே பேசுங்கள். எண்ணிக்கையைச் சொல்லிப் பேசுங்கள். பேசிய பிறகு பேரம் வேண்டாம்.

8. போன இடத்தில் வாங்கியதைக் கையோடு தூக்கி வராதீர்கள். என் மனைவி வாங்கிய கம்பளிகளையும் தேயிலையையும் பார்சல் கட்டி லாரி சர்வீசில் போட்டுவிட்டேன். ஒரு வாரம் கழித்துக் கடை வாசலில் வந்து இறங்கியது. நமக்குத் தெரிந்த தொழிலை நமக்கே பயன்படுத்தாமல் இருப்பானேன்?

டார்ஜிலிங்கில் மூன்றாம் நாள் விடியற்காலையில் மேகம் விலகி கஞ்சன்ஜங்கா தெரிந்தது. 8,586 மீட்டர் உயரமாம். காலண்டரில் இருந்த அதே சிவப்பு நிறம். என் மனைவி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அத்தை பார்த்திருக்கணும்" என்றாள்.

நாலு கிலோமீட்டரில் தவறிப்போன காட்சி அது. கம்பளி மூட்டையையும் ஸ்டவ்வையும் வீட்டிலேயே விட்டுவிட்டு ஒரே டாக்சியில் போயிருந்தால் அம்மா பார்த்திருப்பார்கள். வயதான தாய் தகப்பனை வெளியூர் அழைத்துப் போக நினைக்கும் வணிக நண்பர்கள் அடுத்த வருடம் என்று தள்ளிப் போடாதீர்கள். புறப்படும்போது சுமையைக் குறைத்துக்கொண்டு புறப்படுங்கள்.